சங்கரலிங்கத்தின் பென் டிரைவ்

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்தெட்டு, பெயர் ஜமீலா. சீடருக்கு ஐம்பத்திரண்டு, பெயர் சங்கரலிங்கம். ஆசிரமம் விருதுநகரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. நாலு மேசை, சில பழைய கணினிகள், மாடி ஏறி வருவதற்குள் பாதி ஆறிப்போகும் டீ. வேறு விசேஷம் ஒன்றும் அங்கே கிடையாது.

ஜமீலா எழுதியது ஒரு லைப்ரரி. புத்தகம் அடுக்கி வைக்கும் லைப்ரரி அல்ல. கணினியில் ஒரு நிரல் தனக்குத் தெரியாத வேலையை இன்னொன்றிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். அப்படிக் கொடுக்கிற நிரலுக்கும் லைப்ரரி என்றுதான் பெயர். ஜமீலாவின் லைப்ரரிக்குப் பெயர் பேச்சொலி. திரையில் இருக்கும் தமிழை அது வாய்விட்டுப் படிக்கும். கண் தெரியாத பிள்ளைகள் பல ஊர்களில் அதைக் கேட்டுத்தான் பாடம் படித்தார்கள்.

காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் உள்ள தங்கள் கணினியில் பில்டு செய்துகொள்ளலாம். எழுதி வைத்த நிரலை ஓடுகிற நிரலாக மாற்றுவதுதான் பில்டு. மாவு இட்லியாகிற மாதிரி. மாவு நன்றாக இருந்தும் சில அடுப்பில் இட்லி வேகாது. அங்கேதான் சங்கரலிங்கம் வருவார்.

மின்வாரியத்தில் வேலை முடிந்ததும் நேராக மாடி ஏறிவிடுவார். ஆறு வருடமாக இதுதான் வழக்கம். ஜமீலாவிடம்தான் எல்லாம் கற்றுக்கொண்டார். தனக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது என்று அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார். அமலதாஸ் வரும்வரை அது உண்மையாகவும் இருந்தது.

அமலதாஸ் வேதியியல் வாத்தியார். போன வருடம்தான் வந்து சேர்ந்தார். அதிகம் பேச மாட்டார். அவர் எழுதிய நிரலை ஜமீலா படிப்பார், படித்து முடித்ததும் "ம்" என்பார். அந்த "ம்"தான் சங்கரலிங்கத்தின் வயிற்றில் நெருப்பாய் விழுந்தது.

ஏனென்றால் சங்கரலிங்கம் எழுதியதைப் படித்தால் ஜமீலா கேள்விதான் கேட்பார். "இது எதுக்கு சார்?" "இத வேற யாராவது படிச்சா புரியுமா சார்?" ஆறு வருடத்தில் ஒரு "ம்" கூட வாங்கியதில்லை மனிதர்.

டீயும் அமலதாஸுக்குத்தான் முதலில் வந்தது. அவர் மேசை வாசலை ஒட்டி இருந்ததுதான் காரணம். சங்கரலிங்கத்துக்கும் அது தெரியும். தெரிந்தும் எரிந்தது.

ஒரே ஒரு ஆறுதல் அவருடைய போன்.

"சார், புது மெஷின் வந்திருக்கு. பேச்சொலி பில்டு ஆகமாட்டேங்குது." சாத்தூரிலிருந்து வரும். அருப்புக்கோட்டையிலிருந்து வரும். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென் டிரைவ் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போவார். எல்லாரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார். பென் டிரைவைச் சொருகி, ஏதோ தட்டி, உருவிப் பையில் போட்டுக்கொள்வார். கணினி தமிழ் பேசத் தொடங்கிவிடும். "சங்கரலிங்கம் சார் கை பட்டாத்தான் ஓடும்" என்பார்கள். ஒரு ஊரில் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். அதை மடித்து பீரோவில் வைத்திருக்கிறார்.

ஜமீலாவின் போன் மேசை ஓரத்தில் கிடக்கும். அது அடித்து சங்கரலிங்கம் கேட்டதே இல்லை. பாவம், எழுதினது இவங்க, ஊருக்குத் தெரிஞ்சது நம்மளைத்தான் என்று சில நாள் அவருக்கே இரக்கமாக இருக்கும். இரக்கத்தில் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

ஒரு சாயங்காலம் ஜமீலா சொன்னார்: "தை பொறந்ததும் நான் வேற ஒண்ணு எழுதப் போறேன். பேச்சொலியை இனிமே உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் பாத்துக்கணும்."

"யாரு மேடம்?" என்றார் சங்கரலிங்கம். குரல் சாதாரணமாக இருக்க வேண்டும் என்று மிகவும் பாடுபட்டார்.

"பாக்கலாம் சார்."

பாக்கலாம் என்ற சொல் ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சங்கரலிங்கத்துக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

மறுவாரம் பக்கத்திலேயே இருந்த பார்வையற்றோர் பள்ளிக்கு ஒரு புதுக் கணினி வந்தது. அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பேச்சொலியைப் போட்டுத் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஜமீலா அமலதாஸை அனுப்பினார்.

ஆறு வருடமாக ஊர் ஊராய்ப் போய் வந்தவர் இங்கே கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்க, நேற்று வந்த ஆளுக்கு வேலை. முடிவு பண்ணிட்டாங்க, சொல்லத்தான் இல்லை என்று நினைத்துக்கொண்டார். வாய் கசந்தது.

கொஞ்ச நேரத்தில் அமலதாஸ் போன் செய்தார். பில்டு பாதியில் நின்றுவிட்டது. திரை முழுக்கப் பிழை.

சங்கரலிங்கம் தன் கணினியில் அதே நிரலை எடுத்து பில்டு செய்தார். தடங்கல் இல்லாமல் ஓடி முடிந்தது.

"என் மெஷின்ல ஓடுதே மேடம்," என்றார். மனசு குளுகுளுவென்று இருந்தது. "நிரல்ல கோளாறு இல்ல. அவர் எங்கயோ தப்பு பண்றார்."

ஜமீலா அவருடைய கணினியை ஒரு பார்வை பார்த்தார். "போய்ப் பாத்துட்டு வாங்க சார்."

பள்ளிக்கூடத்தில் அமலதாஸ் திரையின் முன் உட்கார்ந்திருந்தார். சிவப்பு வரிகள் சரம் சரமாய்க் கிடந்தன. அவர் கடைசி வரியைப் பார்க்கவில்லை. மேலே மேலே தள்ளி முதல் பிழை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தலைமை ஆசிரியை லில்லி புஷ்பம். அவருக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை.

"அமலதாஸ் சார், ஒரு டீ சொல்லிட்டு வாங்களேன்," என்றார் சங்கரலிங்கம்.

அமலதாஸ் போனார். திரும்பி வருவதற்குள் பென் டிரைவ் உள்ளே போய், வேலை முடிந்து, சட்டைப் பைக்குத் திரும்பிவிட்டது. கணினி கணீரென்று ஒரு பாடத்தைப் படித்தது. லில்லி புஷ்பம் கை தட்டிவிட்டார்.

"என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டார் அமலதாஸ்.

"பெரிசா ஒண்ணுமில்ல. கைப்பழக்கம்."

"எனக்கும் சொல்லித் தாங்களேன்."

"சொல்லித் தர்ற விஷயமில்ல அது."

சொல்லித் தரும் விஷயம்தான். இரண்டே வரியில் சொல்லிவிடலாம். பேச்சொலி எண்களைப் படிக்க இன்னொரு சின்ன லைப்ரரியைத் துணைக்குத் தேடும். அந்தச் சின்ன லைப்ரரி லினக்ஸின் புதிய பதிப்புகளில் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. பேச்சொலி பழைய இடத்தில் போய்ப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று கையை விரித்துவிடும். சங்கரலிங்கத்தின் பென் டிரைவ் அதன் பிரதி ஒன்றைப் பழைய இடத்திலும் வைத்துவிடும். தன் கணினியிலும் அப்படித்தான் என்றைக்கோ வைத்திருந்தார். அதனால்தான் அங்கே எப்போதும் ஓடியது. லினக்ஸை மறுபடி புதுப்பித்தால் அந்தப் பிரதி அழிந்துபோகும். உடனே போன் வரும். அவருக்கும் அது வேண்டித்தான் இருந்தது.

கிளம்பும்போது லில்லி புஷ்பம் கேட்டார்: "அடுத்த வாரம் இன்னும் மூணு மெஷின் வருது சார். அதுக்கும் நீங்கதான் வரணுமோ?"

"நானே வர்றேன் டீச்சர். நீங்க ஒரு போன் போட்டா போதும்."

அன்றைக்கு அவர் படி ஏறிய வேகத்தைப் பார்த்து சைக்கிள் கடைக்காரரே நிமிர்ந்து பார்த்தார். ஜமீலா வேலை முடிந்ததா என்று மட்டும் கேட்டார். முடிந்தது என்றார். "ம்" வரவில்லை. போகட்டும், மூணு மெஷின் வருகிறதே என்று தேற்றிக்கொண்டார்.

அமலதாஸ் அடுத்த நாலு நாளும் யாரோடும் பேசவில்லை. ஒரு பழைய கணினியை முழுக்க அழித்து, புது லினக்ஸ் போட்டு, பேச்சொலியை பில்டு செய்வார். உடையும். எதையோ மாற்றுவார். மறுபடி எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். சங்கரலிங்கம் தன் இடத்திலிருந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை பாவமாகக்கூட இருந்தது. கை பென் டிரைவைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து ஜமீலா எழுந்து வந்து அமலதாஸின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சங்கரலிங்கம் கையை எடுத்துவிட்டார்.

அஞ்சாம் நாள் ஜமீலா அமலதாஸின் திரையைப் படித்தார். "ம்" என்றார். அந்த மாற்றத்தை லைப்ரரியில் சேர்த்தார்.

என்ன சேர்த்தார்கள் என்று சங்கரலிங்கம் பார்க்கவில்லை. பார்த்தால் நன்றாக இருந்துவிடுமோ என்று பயம்.

அடுத்த வாரம் வந்தது. போன் வரவில்லை. கணினிகள் வரத் தாமதம் போல என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் அவரே பள்ளிக்கு அடித்தார்.

"டீச்சர், அந்த மூணு மெஷின் வந்துச்சா?"

"வந்துருச்சே சார், திங்கக்கிழமையே! பிள்ளைக உக்காந்து படிச்சுக்கிட்டு இருக்குதுக."

"யாரு வந்து போட்டது? அமலதாஸா?"

"யாரும் வரல சார். நானே போட்டேன்."

"நீங்களா?"

"ஆமா சார். இங்கிலீஷ் பேசற குரல் மெஷின்லயே இருக்குல்ல? அத வச்சு, பேச்சொலியோட வர்ற செய்முறைய ஒவ்வொரு வரியா கேட்டுக் கேட்டுத் தட்டினேன். மூணாவது மெஷின்ல தமிழ் பேசினப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. என் கையால போட்டது சார்!"

நல்லது டீச்சர் என்று சொல்லிவிட்டு வைத்தார். நல்லது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. நேராக ஜமீலாவின் மேசைக்குப் போனார். நல்லவேளை, அமலதாஸ் அன்றைக்கு வரவில்லை.

"மேடம், வெளிப்படையாவே கேக்கறேன். தை மாசத்துலேருந்து யாரு?"

"அமலதாஸ் சார்."

தெரிந்ததுதான். இருந்தாலும் காதால் கேட்டபோது முகம் சுண்டிப்போயிற்று.

"ஆறு வருஷம் மேடம். மழைன்னு பாக்கல, லீவுன்னு பாக்கல. எந்த ஊர்ல பில்டு உடைஞ்சாலும் நான்தான் ஓடியிருக்கேன். அவர் ஒரு ஊருக்குப் போயிருக்காரா? பேச்சொலின்னா எல்லா ஊர்லயும் என் பேரத்தான் சொல்லுவாங்க. அவர் பேரு யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அவர யாராவது கூப்பிடறாங்களா?"

"யாரும் கூப்பிடறதில்ல."

அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். கடவுளே அனுப்பி வைத்த மாதிரி இருந்தது.

"பாருங்க மேடம். ராஜபாளையம் பார்வையற்ற பிள்ளைங்க விடுதி. அவங்களுக்கு என்ன விட்டா வேற யாரையும் தெரியாது." குருவின் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், வணக்கம். நீங்க போட்டுக் குடுத்தது நின்னுபோச்சு சார். அப்டேட் பண்ணினதுலேருந்து பில்டு ஆகல. நீங்க சொன்ன மாதிரி நாங்க எதையும் தொடல. பிள்ளைக நாலு நாளா சும்மாத்தான் உக்காந்திருக்காக. உங்களுக்கு வேலை இருக்கும்னு ஞாயித்துக்கிழமைக்குக் காத்துக்கிட்டு இருக்கோம். வந்துருவீகளா சார்?"

"வந்துடறேன், கவலப்படாதீங்க," என்று சொல்லி போனை வைத்தார். வெற்றியோடு நிமிர்ந்தார்.

ஜமீலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க மேடம். இத்தனைக்கு அப்புறமும் ஏன் அவரு?"

"அதனாலதான் சார்."

ஜமீலாவின் கை அவர் சட்டைப் பை பக்கம் நீண்டது. சங்கரலிங்கம் முதலில் புரியாத மாதிரி நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து அந்தக் கையில் வைத்தார். வாடகை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பது போல இருந்தது.

ஜமீலா அதைச் சொருகினார். உள்ளே இருந்த ஒரே ஒரு கோப்பைத் திறந்து நிதானமாக, மேலிருந்து கீழே, படித்தார். கோப்பின் தலையில் சங்கரலிங்கம் தனக்காக எழுதி வைத்த குறிப்பு இருந்தது: என்ன உடைகிறது, ஏன் உடைகிறது, துணை லைப்ரரி எங்கே மாறி உட்கார்ந்திருக்கிறது.

"இத எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"வந்த முதல் வருஷம் மேடம்."

"எத்தன நாள் ஆச்சு?"

"ஒரே சாயங்காலம்."

"அமலதாஸ் சாருக்கு நாலு நாள் ஆச்சு," என்றார் ஜமீலா. "மேலே இருந்து கீழே வரைக்கும் தேடி இதே இடத்துக்குத்தான் வந்து நின்னாரு. துணை லைப்ரரி எங்க இருக்குன்னு கணினியவே கேட்டுக்கிட்டுப் போற மாதிரி ரெண்டு வரி சேத்தாரு."

மறுபடி ஒருமுறை கோப்பைப் பார்த்தார்.

"ம்," என்றார். "நீங்க அவர விடக் கெட்டிக்காரர் சார்."

இதைக் கேட்கத்தான் மனிதர் ஆறு வருடம் தவம் கிடந்தார். காதில் விழுந்தும்விட்டது. ஆனால் நாக்குக்கடியில் வேப்பிலை வைத்த மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கே காட்டியிருந்தா," என்று தொடங்கினார் ஜமீலா. முடிக்கவில்லை.

சைக்கிள் கடையில் யாரோ மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கரலிங்கத்துக்கு ராஜபாளையத்துப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். முன்பு போனபோது ஒரு சிறுமி அவர் கையைத் தொட்டு, இந்தக் கையா சார் என்று கேட்டிருந்தாள். அப்போது பெருமையாக இருந்தது. இப்போது அவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். தான் வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்று அவர்தானே சொல்லி வைத்திருக்கிறார்.

அவமானமாக இருந்தது. போனை எடுத்து ராஜபாளையத்துக்கு அடித்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் வரல," என்றார். மறுமுனையில் ஒருவர் பதறியது கேட்டது. "இருங்க, இருங்க. நீங்களே போடலாம். பேச்சொலிய புதுசா ஒருதடவ இறக்கிக்குங்க. அமலதாஸ்னு ஒருத்தர் சரி பண்ணி வச்சிருக்காரு. அமலதாஸ். ஆமா. நான் சொல்றேன், நீங்க தட்டுங்க."

ஒவ்வொரு கட்டளையாகச் சொன்னார். அவர்கள் தப்பாகத் தட்டியபோது திட்டாமல் திரும்பச் சொன்னார். இடையில் இரண்டு தரம் பேசாமல் பஸ்ஸில் போய்விடலாமா என்று தோன்றியது. பழக்கம் அப்படி. ஜமீலா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் போனுக்குள்ளே, தூரத்தில், பேச்சொலி ஏதோ ஒரு தமிழ்ப் பாடத்தைப் படிக்கத் தொடங்கியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஒருவர் போனை வாங்கிச் சொன்னார்:

"இவ்வளவுதானா சார்! அப்ப இனிமே உங்களத் தொந்தரவு பண்ணவே மாட்டோம்!"

மனசாரத்தான் சொன்னார். வாழ்த்து மாதிரி. சங்கரலிங்கம் சரி என்று சொல்லி போனை வைத்தார். மேசைமேல் ஜமீலாவின் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் சும்மா கிடந்தன. கண் கலங்கிவிட்டது.

"இனிமே என்ன யார் மேடம் கூப்பிடுவாங்க?"

ஜமீலா திரையிலிருந்து திரும்பினார்.

"என் போன் அடிச்சு நீங்க கேட்டிருக்கீங்களா சார்?"